கரை ஒதுங்கும் ஆமைகளும் கைத்தறி வீட்டு மாணவர்களும்

(காஞ்சிபுரத்தில் மாணவத் தொண்டர்கள் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



தை பிறந்ததும் கடற்கரைக்குச் சென்று ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் தொண்டில் சேர நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். உங்களில் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். "நெசவாளிக்குக் கூலி போதவில்லை, பட்டு நூல் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் ஆமை ஒரு கேடா?" என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

பிராணிகளைக் காப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவது தவறு. அருகிலுள்ள வேடந்தாங்கலைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். எதிர்த்தவர்கள் யார்? ஊர் விவசாயிகள். கலெக்டரிடம் முறையிட்டுத் தடை உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. பறவையைக் காத்ததன் மூலம் அவர்கள் தங்கள் பயிரையும் காத்தார்கள்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். தை முதல் பங்குனி வரை முட்டையிட வருவதால் மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். நகரத்து விளக்கு வெளிச்சம் குஞ்சுகளின் திசையை மாற்றிவிடும். கடலுக்குப் போகவேண்டியவை ரோட்டுக்கு வந்து சாகும். நாய்களும் முட்டைகளைத் தோண்டித் தின்னும். ஆகவே 1970களில் சென்னையில் சிலர் இரவு முழுதும் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து அந்தப் பணியை ஏற்றார்கள். முட்டைகளை வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்து வைத்து, சுமார் 45 நாளுக்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கைம்மாறு கருதாத இந்த உழைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் முட்டையை மட்டும் காத்தால் போதுமா? போதாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதற்குத் தெற்கிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அடிக்கடலை வாரிச் செல்லும் இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும்.

இங்கேதான் சிலர் குழப்பம் செய்கிறார்கள். "மீனவன்தான் ஆமையைக் கொல்கிறான்" என்கிறார்கள். எந்த மீனவன்? கரையோரத்தில் சிறு படகில் வலை போடுகிறவனும் மீனவன். பெரிய விசைப்படகில் பங்குக் கூலிக்குப் போகிறவனும் மீனவன். இறால் ஏற்றுமதி லாபத்துக்காக விசைப்படகுகள் கரையோரத்தில் இழுவலை போட்டபோது, வலை அறுந்து வயிறு காய்ந்தவர்கள் கட்டுமர மீனவர்களே. அவர்களுடைய எதிர்ப்பும், கடலில் நடந்த மோதல்களும்தான் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தன. இன்று அதன்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீனவரின் சோற்றைக் காக்க வந்த அந்தச் சட்டம் நிறைவேறினால் ஆமையும் பிழைக்கும்.

வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தி, ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் உண்டு. அதைப் பயன்படுத்தவில்லை என்று காரணம் காட்டி 2019இல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா தடை செய்தது. நஷ்டத்தின் சுமை கடைசியில் கடலில் உழைப்பவன் தலையில்தான் இறங்குகிறது. கருவியைச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்து, பயிற்சியும் அளிக்கவேண்டும் என்பது நமது கோரிக்கை.

நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பிறகு அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. ஆலை முதலாளிகள் வழக்காடினார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது. சட்டம் இருக்கிறது, அமல் இல்லை! கடலில் சிறு மீனவர் படும் பாடும் இதுவே. உங்கள் தகப்பனார் தறியில் உட்கார்ந்து படும் கஷ்டத்தைக் கண்ட உங்களுக்கு அந்த மீனவர் அந்நியர் ஆவாரா?

ஆகவே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, இரவில் நடக்கும்போது செத்த ஆமை கண்ட இடம், தேதி, எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் தவறாமல் குறியுங்கள். கணக்கு இருந்தால்தான் அதிகாரி தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாவது, பகலில் மீனவர் குப்பத்துக்குப் போங்கள். உபதேசம் செய்யப் போகாதீர்கள். வலை பின்னும் பெரியவர்களிடம் கடலைப் பற்றிக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, 5 கடல் மைல் சட்டத்தை அமல் நடத்தக் கோரி அவர்களோடு சேர்ந்து மனுக் கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் இதைத் தெருத் தெருவாகச் சொல்லுங்கள். கைத்தறிச் சட்டத்துக்காக நெசவாளர்கள் மனுக் கொடுக்கும்போது மீனவர்களையும் அழைப்போம். காஞ்சியின் தறியும் கோவளத்தின் வலையும் ஒன்றுசேரட்டும். புறப்படுங்கள், தோழர்களே!