ஆடுகளத்தில் எழுந்த குரல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'படைப்பவரும் சுவைப்பவரும்' என்னும் பொதுத் தலைப்பின்கீழ் உரையாற்ற என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்புக்கு நான் ஒரு விளையாட்டு அரங்கைச் சான்றாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. கவிஞருக்கும் வாசகருக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஓசையற்றது. ஒரு கவிதை பிடிக்காதவர் நூலை மூடி வைத்துவிடுகிறார். அந்த ஓசை நம் செவிக்கு எட்டுவதில்லை. ஆடுகளத்திலோ அன்பும் சினமும் ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து அந்த நொடியிலேயே வெளிப்படுகின்றன. சுவைப்பவரின் உள்ளத்தை அங்கே வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆகவே, அமெரிக்கக் கல்லூரிகளுக்காக விளையாடிய மாணவர்கள் சமுதாயச் சிக்கல்கள் குறித்து வாய்திறந்தபோது, அவர்களைக் கொண்டாடிய இரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்நாட்டு வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது மாணவர்கள் மாலை நேரத்தில் ஆடிப் பிரியும் ஆட்டமன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்கிறார்கள். தொழில்முறை அணியே இல்லாத வயோமிங் போன்ற மாநிலங்களில் பல்கலைக்கழக அணியே மாநிலத்தின் பெருமை. ஆடும் மாணவருக்குப் படிப்பும் உணவும் உறைவிடமும் உதவித்தொகையாகக் கிடைத்தன. 2021ஆம் ஆண்டுவரை தம் பெயரையோ உருவத்தையோ கொண்டு அவர் பொருளீட்ட விதிகள் இடந்தரவில்லை. புகழ் பெரிது, உரிமை சிறிது. அந்நிலையில்தான் அவர்கள் பேசினார்கள்.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கு. 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார் டாமி ஸ்மித். மூன்றாவதாக வந்தவர் ஜான் கார்லோஸ். இருவரும் கலிபோர்னியாவின் சான் ஓசே கல்லூரியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். அக்கல்லூரியில் சமூகவியல் கற்பித்த ஹாரி எட்வர்ட்ஸ், அங்கேயே விளையாட்டு வீரராக இருந்தவர். மனித உரிமைக்கான ஒலிம்பிக் இயக்கத்தைத் தொடங்கியவர். பதக்க மேடையில் இருவரும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையோடு நின்றார்கள். அது தம் மக்களின் வறுமைக்கு அடையாளம். நாட்டுப்பண் ஒலித்தபோது தலைதாழ்த்திக் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார்கள். ஓட்டத்துக்குக் கைதட்டிய அதே அரங்கு, மேடையை விட்டு அவர்கள் இறங்கியபோது இகழ்ச்சிக் கூச்சலிட்டது. அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் குடியிருப்பிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் திரும்பியபின் அவர்களை எதிர்கொண்டவை கொலை மிரட்டல்கள்.

மறு ஆண்டே வயோமிங்கில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி தோல்வியே காணாமல் முன்னேறிக்கொண்டிருந்தது. அடுத்து மோத வேண்டியது, மார்மன் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக அணி. கறுப்பினத்தார்க்குக் குருத்துவம் அளிக்க அத்திருச்சபை அக்காலத்தில் மறுத்துவந்தது. வயோமிங் அணியின் கறுப்பின மாணவர் 14 பேர், 1969 அக்டோபர் 17 அன்று கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் கலந்து பேசச் சென்றார்கள். அவர்கள் இன்னும் எதையும் செய்துவிடவில்லை, கேட்கத்தான் போனார்கள். சில நிமிடங்களில் 14 பேரையும் அவர் அணியிலிருந்து நீக்கினார்.

மறுநாள் அரங்கு நிரம்பியது. இரசிகர்கள் பயிற்சியாளரை ஆரவாரித்து வரவேற்றார்கள். வயோமிங் 40-7 என வென்றது. மாணவர் பேரவையும் ஆசிரியர் பலரும் அந்த 14 பேரின் பக்கம் நின்றார்கள். மாநிலத்தின் பெரும்பான்மையோ பயிற்சியாளரின் பக்கம் நின்றது. நீதிமன்றமும் மாணவர்க்குத் துணைவரவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் அணி தோற்றது. 1970இல் ஒரே ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. ஈட்டன் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். 1978இல் திருச்சபை தன் தடையைத் தானே நீக்கிக்கொண்டது. பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019இல். இடைப்பட்ட காலம் ஐம்பது ஆண்டுகள். இருபது வயதில் இழந்த ஆடுகளத்தை எழுபது வயதில் யார் திருப்பித் தர முடியும்?

இரசிகர்களின் சினத்தைக் கூர்ந்து கேட்டால் அதில் மூன்று முறையீடுகள் இருப்பதைக் காணலாம். 'இது அதற்குரிய இடமன்று' என்பது முதலாவது. 'உன்னை ஊட்டி வளர்த்த எங்களுக்கு நன்றி மறந்தாயே' என்பது இரண்டாவது. 'நாங்கள் புனிதமாகக் கருதுவதை இழிவுபடுத்திவிட்டாய்' என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2003ஆம் ஆண்டு, ஈராக் போருக்கு முந்திய வாரங்கள். நியூயார்க் மாநிலத்தின் மன்ஹாட்டன்வில் கல்லூரியில் டோனி ஸ்மித் என்னும் கூடைப்பந்தாட்டக்காரர், நாட்டுப்பண் ஒலிக்கும்போது கொடிக்கு முகங்காட்டாமல் திரும்பி நின்றார். நாட்டில் நிலவும் ஏற்றத்தாழ்வையும் வரவிருந்த போரையும் அவர் ஏற்கவில்லை. அவருடைய ஆட்டங்களுக்குக் கொடிகளோடு கூட்டம் வந்தது, வசைகள் பொழிந்தன. பிப்ரவரியில் ஒருநாள், வியட்நாம் போரில் பங்கேற்ற ஒருவர் கையில் கொடியோடு ஆடுகளத்துக்குள் ஓடிவந்து அவர்முன் நின்றார். அந்த மனிதரை எளிதில் வெறுக்க என்னால் இயலவில்லை. அவருக்கு அந்தக் கொடி வெறுந்துணியன்று. அவரும் தம் உள்ளத்தைத்தான் காட்டினார். கல்லூரி நிர்வாகம் அப்பெண்ணின் உரிமைக்குத் துணை நின்றது. அவர் தொடர்ந்து ஆடினார். எதிர்ப்பும் இருந்தது, ஆட்டமும் இருந்தது. வயோமிங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் உணர்வீர்கள். மறுத்துப் பேசுதல் வேறு. பேசியவரைக் களத்திலிருந்தே அகற்றுதல் வேறு. முன்னது இரசிகரின் உரிமை. பின்னதற்கு ஆரவாரம் செய்வது உரிமையாகாது.

'இடமன்று' என்னும் முதல் முறையீட்டுக்கு மிசிசிப்பி மாநிலம் விடை சொல்கிறது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் சின்னம் 1894 முதல் அம்மாநிலக் கொடியில் இருந்தது. 2001இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் அக்கொடியே நீடிக்கட்டும் என்றார்கள். 2020 ஜூனில், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் கைலின் ஹில், கொடியை மாற்றாவிடில் இனி இம்மாநிலத்தின் சார்பில் ஆடமாட்டேன் என்று அறிவித்தார். பாராட்டும் வந்தது, பழிச்சொல்லும் வந்தது. அம்மாத இறுதியிலேயே பழைய கொடியை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இதை ஒருவரின் வெற்றியாகச் சொல்லுதல் பிழை. பலர் பல்லாண்டுகள் உழைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியிருந்தது. ஆயினும், கொடியைப் பற்றி ஒரு மாணவரின் கருத்தை வேறெந்த இடத்தில் கேட்டிருப்பார்கள்? அவருக்கிருந்த ஒரே மேடை ஆடுகளம்தான்.

இங்கே கசப்பான உண்மை ஒன்றையும் மறைக்கலாகாது. 2015 நவம்பரில் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் இனவெறிச் செயல்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு மாணவர் உண்ணாநோன்பு தொடங்கினார். நாட்கள் நகர்ந்தன, பதவியில் இருந்தோர் அசையவில்லை. நவம்பர் 7 அன்று, பல்கலைக்கழகத் தலைவர் விலகும்வரை ஆடமாட்டோம் என்று கறுப்பினக் கால்பந்து வீரர்கள் அறிவித்தார்கள். பயிற்சியாளரும் உடன் நின்றார். அடுத்த ஆட்டம் நடவாவிடில் பத்து இலட்சம் டாலர் இழப்பு. இரண்டே நாட்களில் தலைவர் விலகினார். ஒருவர் உயிரைப் பணயம் வைத்தபோது எழாத பதற்றம், ஓர் ஆட்டம் நின்றுவிடும் என்றதும் எழுந்தது. நன்றி மறந்தவர் யார் என்னும் இரண்டாவது முறையீட்டுக்கு இதுவே விடை. அரங்கை நிரப்பியவர்கள் அந்த இளைஞர்கள். கடன் ஒருபக்கம் மட்டும் இல்லை.

இனி நம் மன்றத்துக்கு வருகிறேன். பரிசிலை நம்பி வாழ்ந்த சங்கப் புலவர் தம்மைப் புரந்தவரிடம் எப்படிப் பேசினார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். வரிமிகுதியால் குடிகள் நலிவதைப் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துரைத்தார் பிசிராந்தையார். மலையமான் மக்களை யானைக்காலில் இட முனைந்த கிள்ளிவளவனைத் தடுத்துப் பேசினார் கோவூர்கிழார். புகழ்ந்த நாவே இடித்தும் உரைத்தது. அதைச் செவிமடுக்கும் இடம் இருந்ததனால்தான் அப்பாடல்கள் நமக்குக் கிடைத்தன. இன்று புரவலர் இல்லை. அந்த இடத்தில் அமர்ந்திருப்பவர்கள் வாசகர்களாகிய நாம். நாம் கைதட்டும் கவிஞர், நம் சாதியைப் பற்றியோ நம் வீட்டைப் பற்றியோ நமக்கு வலிக்கும் ஒன்றைப் பாடும் நாள் வரும். அன்று நாம் அவரோடு வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்பதே நம் சுவையுணர்வுக்கு வைக்கப்படும் தேர்வு.

1968ஆம் ஆண்டின் பதக்க மேடையில் மூன்றாமவர் ஒருவரும் நின்றார். இரண்டாவதாக ஓடிவந்த ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன். அவர் முட்டியை உயர்த்தவில்லை. மனித உரிமை இயக்கத்தின் சின்னத்தை மட்டும் மார்பில் அணிந்து உடன் நின்றார். 2006இல் அவர் மறைந்தபோது அவர் உடலைத் தாங்கியவர்களுள் ஸ்மித்தும் கார்லோசும் இருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, சான் ஓசே பல்கலைக்கழக வளாகத்தில் அம்மேடையைச் சிலையாக வடித்தார்கள். அதில் இரண்டாம் இடம் வெறுமையாக இருக்கிறது. நார்மன் விரும்பியது அது. காண வருவோர் யாரும் அங்கே ஏறி நிற்கலாம் என்றார். நாமே முட்டியை உயர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பேசியவர் தனித்து நிற்காதபடி உடன் நிற்பதற்குத்தான் அந்த இடம்.