அறுவைக்குப் பின் காய்ச்சல்: உடனிருப்போர் அறிய வேண்டுவன
(விழாவில் ஆற்றிய உரை)



உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். ஏலாதி, சிறுபஞ்சமூலம் எனத் தம் நூல்களுக்கு மருந்தின் பெயரையே இட்டோரும் நம் சமணப் புலவர்களே. ஆகவே மருத்துவம் குறித்து ஈண்டுச் சில சொல்ல விழைகிறேன்.

குடல்வால், பித்தப்பை, கருப்பை என வயிற்றில் அறுவை நிகழ்ந்தபின் காய்ச்சல் வருதல் இயல்பு. உடல்வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் அது காய்ச்சல். முதல் இரு நாள்களில் வருவது பெரும்பாலும் வெட்டுண்ட தசைக்கு உடல் தரும் மறுமொழியே, தானே தணியும். மூன்றாம் நாளுக்குப் பின் வருவதற்குக் காரணம் தேடல் வேண்டும். சிறுநீர்த் தொற்று, நுரையீரலில் சளி, ஊசி ஏற்றிய இடத்தில் வீக்கம், ஐந்தாம் நாளையொட்டித் தையலில் சீழ், வயிற்றினுள் சீழ்க்கட்டி, குடல் தையலில் கசிவு, காலில் இரத்தக்கட்டு எனக் காரணங்கள் பல.

வலிக்கு அஞ்சி மூச்சை அடக்காது, ஆழ்ந்து மூச்சிழுத்தலும், மருத்துவர் இசைந்தவுடன் எழுந்து நடத்தலும் நலம். புண்ணைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. வெப்பத்தை நேரத்துடன் குறித்து வைக்க. வீட்டில் எஞ்சிய மாத்திரைகளைத் தாமே கொடுத்தல் தீது.

குளிர்நடுக்கம், வயிறு உப்பல், ஓயா வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன எந்நாளில் தோன்றினும் விடியட்டும் என்று காத்திராதீர். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்தார் 108-ஐ அழைக்கலாம். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது.

இனி நம் இல்லங்களுக்கே உரிய ஒன்று. இரவுண்ணா நோன்புடைய முதியோர் பொழுது சாய்ந்தபின் நீரும் மாத்திரையும் மறுப்பதுண்டு. எட்டு மணிக்கு ஒருமுறை உட்கொள்ள வேண்டிய மருந்து இடையில் நின்றால் தொற்று ஓங்கும். நீர் குறைந்தால் உடல் மேலும் தளரும். எனவே நோன்பை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் உரைத்துவிடுக. சில மருந்துகளைப் பகற்பொழுதிலேயே அமைக்கவும், சிலவற்றை ஊசிவழிச் செலுத்தவும் அவரால் இயலும். விலங்குப் பொருளால் ஆன கூட்டு மாத்திரைக்கு மாற்று உண்டா என்றும் கேட்கலாம். மாற்று வழி இல்லையெனில், அந்நாள்களுக்கு மட்டும் நோன்பைத் தளர்த்திக்கொள்ளப் பெரியோரை அன்புடன் இசைவிப்பது இளையோர் கடன். எவரிடமும் சொல்லாது மாத்திரையைத் தலையணைக்கீழ் ஒளிப்பது நோன்பாகாது. தன்னுயிர்க்குச் செய்யும் இம்சையாகும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு உறுப்பாகக் கண்டது வள்ளுவம். அந்நான்காம் உறுப்பு நாமே. விழித்திருந்து பேணுவோம், அதுவும் ஔடத தானமே.