கொழுப்பு உறையும் புற்றுநோயும்



நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவையும் மெல்லிய கொழுப்பு உறை ஒன்று மூடியிருக்கிறது. இது வெறும் சுவரல்ல. "வளர்" என்னும் கட்டளை இங்கிருந்தே உள்ளே செல்கிறது. பி.ஐ.3 கைனேஸ் என்னும் நொதி, உறையிலுள்ள ஒருவகைக் கொழுப்பில் பாஸ்பேட்டைச் சேர்த்து இக்கட்டளையைப் பிறப்பிக்கிறது. 1980களில் லூயிஸ் கான்ட்லி குழுவினர் இதைக் கண்டறிந்தனர். 1997இல் அறியப்பட்ட பி-டென் என்னும் நொதியோ அந்தப் பாஸ்பேட்டை நீக்கி, கட்டளையை நிறுத்துகிறது.

முதல் நொதியின் மரபணு பழுதானால் கட்டளை ஓய்வதில்லை. ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு ஏறக்குறைய 40இல் இப்பழுது காணப்படுகிறது. இதைத் தடுக்கும் அல்பெலிசிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி அளித்தது. முற்றிய நோயை இது குணமாக்குவதில்லை. அது மேலும் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஆனால் இன்சுலினும் இதே நொதியைக் கொண்டுதான் வேலை செய்கிறது. ஆகவே மாத்திரை சாப்பிடுவோரில் பலருக்கு இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. சிலருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கவலை இன்னும் அதிகம்.

ஆகையால் விலையுயர்ந்த மருந்தை வாங்கிக் கொடுப்பதோடு நம் பணி முடிவதில்லை. தொடக்கமுதல் சர்க்கரைப் பரிசோதனையும், பொறுமையாய் விளக்கிச் சொல்லும் செவிலியரும் வேண்டும். இந்த எளிய உதவி இல்லாமற்போனால் மருந்தையே நிறுத்த நேரிடும் என்பதைத் தங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறோம்.