வாங்குவதா, கொடுப்பதா?

'பாரோ', 'லெண்ட்' என்னும் இரண்டு ஆங்கில வினைச்சொற்களை இன்று காண்போம்.

மலாய்ப் பேச்சில் 'பிஞ்ஜாம்' என்னும் ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்குகிறோம். அந்தப் பழக்கத்தால் ஆங்கிலத்திலும் 'பாரோ' ஒன்றையே இருபுறமும் வைத்துவிடுகிறோம். தமிழோ தெளிவாகப் பிரிக்கிறது. இரவல் வாங்குவது 'பாரோ'. இரவல் கொடுப்பது 'லெண்ட்'.

அலுவலகத்தில் நண்பரின் பேனா நமக்கு வேண்டும். 'மே ஐ பாரோ யுவர் பென்?' என்று கேட்கலாம். இங்கே எழுவாய் நாம், வாங்குகிறோம். 'வில் யூ லெண்ட் மீ யுவர் பென்?' என்றும் கேட்கலாம். இங்கே எழுவாய் அவர், கொடுக்கிறார். 'பாரோ மீ யுவர் பென்' என்பது பிழை. யாரிடமிருந்து என்று காட்ட 'பாரோ'வுடன் 'ஃப்ரம்' வரும். யாருக்கு என்று காட்ட 'லெண்ட்' என்பதுடன் 'டு' வரும்.

பேனாவென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பணமென்றால்? 200 வெள்ளி கைமாற்றாகக் கொடுத்தவர், அதைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதத்தில் 'ஐ பாரோட்' என்று தொடங்கினால், கடன்பட்டவர் அவரே என்றல்லவா பொருள்படும்?

எடுத்துச் செல்ல முடியாதவற்றுக்குப் பொதுவாக 'யூஸ்' என்பதே பொருத்தம். பிறர் வீட்டுக் குளியலறையை 'மே ஐ யூஸ்' என்றே கேட்போம்.

'லெண்ட் எ ஹேண்ட்' என்றால் உதவி செய்வது. அங்கே கையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை!

எழுதுமுன் ஒரு நொடி தமிழில் கேட்டுக்கொள்வோம்: எழுவாய் வாங்குகிறதா, கொடுக்கிறதா? விடை கிடைத்தால் சொல்லும் கிடைத்துவிடும்.