திரும்ப மறுக்கும் சாவி

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மோட்டார் சைக்கிள் சாவி திரும்ப மறுக்கிறதா? முதலில் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள். ஹேண்டில் லாக் போட்டால், பூட்டிலிருந்து ஒரு இரும்பு நாக்கு நீண்டு, அதற்கென்று உள்ள பள்ளத்தில் போய் உட்காரும். சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும்போது ஹேண்டிலின் கனம் அந்த நாக்கை நெருக்கிப் பிடிக்கும். ஹேண்டிலை இருபுறமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பல சமயம் 'டக்'கென்று விட்டுவிடும்.

அப்படியும் அசையவில்லையா? பூட்டுக்குள் மெல்லிய தகடுகளும் பொடிப்பொடி ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. சாவியின் வெட்டுகள் அந்தத் தகடுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் பூட்டு சுழலும். தூசியும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். உடனே நம் கை எதைத் தேடும்? தேங்காய் எண்ணெய்! வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் பூட்டின் கதியை யோசித்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் தூசியை வா வா என்று அழைக்கும்.

வீட்டுப் பிள்ளைகளின் பென்சில் போதும். அதன் முனையைச் சாவியின் வெட்டுகளில் கருக்கத் தேய்த்து, சிலமுறை செருகி எடுங்கள். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் வழுக்கும், பிசுபிசுக்காது.

பீரோவில் தூங்கும் ஸ்பேர் சாவியையும் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால், தேய்ந்தது பழைய சாவிதான். புது நகல் எடுப்பதென்றால் ஸ்பேரைக் கொடுத்தே எடுங்கள்.

இடுக்கியால் மட்டும் திருகாதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் லாக் செட்டையே மாற்ற வேண்டி வரலாம்.