நம் அடுப்பும் அடைமழையும்

(அன்பியங்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குத்தந்தை பேச எழுந்தால் கோபுர நிதியைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். இன்று நாம் பேச வந்தது மின்கட்டண ரசீதைப் பற்றி.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. அன்று நம் பள்ளி வகுப்பறைகளில் அடைக்கலம் புகுந்தவர்கள் யார்? தாழ்ந்த தெருக்களில் ஓட்டு வீடுகளில் குடியிருப்பவர்கள். அம்மழைக்குக் காரணம் இது ஒன்றே என்று சுட்டிவிட இயலாது. ஆயினும் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம் ஐயமறக் கூறும் உண்மை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிவாயுவும் எரிந்து எழும் கரியமில வாயுவே காற்றைச் சூடேற்றி வருகிறது. ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வினால் அவ்வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்னும் கணக்கைக் கரித்தடம் என்கின்றனர்.

கணக்கு கடினமன்று. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. எரிபொருளைவிட வாயுவின் எடை மிகுவது எப்படி என்று சென்ற கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார், நல்ல கேள்வி. எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. மின்சாரத்தில், அகில இந்திய சராசரிப்படி, யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 700 கிராம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ.

இதை வைத்துப் பங்கு இல்லத்தின் கணக்கை முதலில் பார்த்தோம். விருந்தினர் அறையின் குளிர்சாதனப் பெட்டி ஓர் இரவு ஓடினால் 8 யூனிட்டாவது ஆகிறது. ஏழெட்டு இரவுகளில் ஒரு சிலிண்டருக்கு ஈடான கரியமில வாயு! ஒரு சிலிண்டரை வைத்து ஒரு சிறு குடும்பம் மாதம் முழுவதும் உலை வைக்கிறது. வெள்ளத்தில் பாய் நனைந்தவர்கள் வீட்டில் இந்தப் பெட்டி கிடையாது. நமக்கு நாணமாயிற்று. அதுவரை 18 டிகிரியில் வைத்திருந்ததை 24 ஆக்கினோம். டிகிரி ஒன்றுக்குச் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும். விருந்தினர் இல்லாத நாட்களில் அவ்வறை பூட்டியே கிடக்கிறது.

ஆகவே சிக்கனம் என்றவுடன் ஏழைத் தாயின் அடுப்பைச் சுட்டுவது நியாயமன்று. அரிசியை அரைமணி நேரம் ஊற வைப்பதும், பாத்திரத்தை மூடி வேக வைப்பதும், கொதி வந்தபின் தீயைக் குறைப்பதும் அவர் அறியாததா? தெருமுனைக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் ஆண்மக்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் புதுவகைக்கு 30 வாட் போதும். இருப்பதைக் கழற்றி எறிய வேண்டாம். கெட்டுப்போனபின் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு அசன விருந்தில் எஞ்சிய சோற்றைக் கோயிலுக்குப் பின்னால் குழியில் கொட்டி மூடினோம். காற்றுப் புகாத இடத்தில் அழுகும் சோறு மீத்தேன் வாயுவாகிறது. அது கரியமில வாயுவைவிட, நூறாண்டுக் கணக்கில், 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சமைக்க எரித்ததும் வீண். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், உண்ணும் அளவுக்கு மட்டும் சமைப்பதையும் தேவையற்ற விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் செயல்களாகவே எண்ணிக் கூறியிருக்கிறார். நாமோ அதைப் பீடத்தில் வாசித்துவிட்டுக் குழி தோண்டினோம்.

இவ்வாண்டு அசனத்திற்கு அன்பியம் வாரியாகத் தலை எண்ணிக்கை முன்னதாகவே வந்து சேர வேண்டும். அதன்படியே அரிசி அளக்கப்படும். கோபுரத்துச் சர விளக்குகள் இரவு 10 மணிக்கு அணைக்கப்படும். வருந்துவோர் சிலர் உண்டென்று அறிவோம்.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் சென்ற இரு மாத மின் ரசீதைக் கொண்டுவாருங்கள். 100 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டார் வெறுங்கையோடு வந்தால் போதும். பங்கு இல்லத்து ரசீது முதலில் வாசிக்கப்படும்.