பத்து ரூபாய் ரசீது
(ஓசூரில் நிகழ்த்தப்பட்ட பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் பௌத்த ஆய்வுகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடையைப் பற்றியும் காசைப் பற்றியும் பேசிக்கொள்கிறேன்.

2023 மே 5 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று புத்த பூர்ணிமை. பண்டிதர் 1914இல் மறைந்ததும் இதே மே 5தான். இரண்டும் ஒரே நாளில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னவர் எங்கள் மாலைநேர வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் தம்பி. அந்த நாளில் தங்கவயல் மாரிகுப்பம் போய்ச் சேருவது மாதிரி, ஓசூரிலிருந்து மூன்று நாள் நடப்பது என்று முடிவானது. பாகலூர், மாலூர், பங்காருபேட்டை வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மொத்தம் 31 பேர். சிப்காட்டைச் சுற்றியுள்ள காலனிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆறு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நிதி திரட்டுவது நோக்கம். தேவைப்பட்டது 1,80,000 ரூபாய்.

ஏன் மாரிகுப்பம் என்று சிலர் கேட்டார்கள். நாக்பூர் தீட்சை பூமிக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு, போகத்தான் வேண்டும். ஆனால் 1956க்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நமக்குப் பக்கத்தில் ஒரு பௌத்தம் இருந்தது. பண்டிதர் 1898இல் கொழும்பு போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் வேர்விட்ட இடங்களில் முதன்மையானவை மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃப்ஸும். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைக்கப்போய், பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள்தான் அங்கே சங்கத்தார். என் பாட்டனாரும் அந்தக் குழிக்குள் இறங்கியவர். நெஞ்சில் கல்தூளோடு திரும்பியவர்.

1907இல் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். அன்றைக்கு ரூபாய்க்கு 64 பைசா. ஜமீன்தார் பணமோ மடத்துப் பணமோ அதன் பின்னால் இல்லை. தங்கவயல் தொழிலாளிகளைப் போன்றவர்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசு அதைத் தாங்கியது. பண்டிதர் போனபின் நின்றுபோன பத்திரிகை 1926இல் திரும்ப வந்தபோது, வந்தது சென்னையிலிருந்து அல்ல, சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. பண்டிதரின் நூல்களைப் பின்னாளில் மறுபதிப்பு செய்ததும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். நமது அறிவு வரலாற்றின் ஒரு பெரிய பகுதிக்குச் சுரங்கக் கூலி செலவு செய்திருக்கிறது. இதை நமது ஆய்வாளர்கள் ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம்.

ஜப்பானில் ஷிகோகு என்ற தீவு இருக்கிறது. அங்கே 88 பௌத்தக் கோயில்களைச் சுற்றிவரும் பாதை சுமார் 1,200 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு வழியில் இருக்கும் குடியானவர்கள் பழம், தேநீர், சில்லறைக் காசு கொடுப்பார்கள். ஒசெட்டாய் என்று பெயர். அதை மறுக்கக் கூடாது என்பது மரபு. இப்போது உலகம் முழுவதிலுமிருந்து போய், இத்தனை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்களிடம் நிதி வாங்கி நற்பணிக்குக் கொடுக்கிறவர்களும் அங்கே நடக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நடக்கிறவனுக்கு வழியில் இருக்கும் ஊர் சோறு போடும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டா?

முதல் நாள் காலை, பாகலூர் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர் கன்னடத்தில் "யாவ ஊரு?" என்றார். ஓசூர் என்றோம். அடுத்த கேள்வி "யாவ ஜனா?" எங்களில் ஒரு மாணவி, தயங்காமல், "பௌத்தரு" என்றாள். அவர் நீலக்கொடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டீயைக் குடித்தார். கடைக்காரர் எங்களுக்குக் காகிதக் கப்பில் கொடுத்தார். பெரியவர் கையில் இருந்தது கண்ணாடி டம்ளர். எல்லோருக்கும் காகிதக் கப்தானோ, அவர் மட்டும் பழகிய ஆளோ, தெரியவில்லை. இந்தத் தெரியாமையோடுதான் நாம் ஒவ்வொரு சாலையிலும் நடக்கிறோம்.

அன்றிரவு மாலூரில் தங்கினோம். செங்கல்லும் ஓடும் சுடுகிற ஊர். இதே மாலூர் வட்டத்தில் உள்ளேரஹள்ளி இருக்கிறது. 2022 செப்டம்பரில் சாமி ஊர்வலத்துக்கான கம்பைத் தொட்டுவிட்டான் என்று பதினைந்து வயது தலித் சிறுவனின் குடும்பத்துக்கு அந்த ஊரில் 60,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்தக் குடும்பம் வீட்டுச் சாமி படங்களை இறக்கிவிட்டு அம்பேத்கர் படத்தை மாட்டியது. அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். கேமராவோடு கூட்டம் கூட்டமாகப் போய் அந்தப் பிள்ளையை நிறுத்திவைத்துப் பார்த்தது போதும். ஆனால் அந்தத் தொகை இரவெல்லாம் என் தலைக்குள் ஓடியது. 60,000. எங்கள் கணக்கில் அது இரண்டு பிள்ளைகளின் ஓராண்டுக் கட்டணம்.

இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நடப்பதற்கு மூன்று வாரம் முன்பு, நம் பகுதியின் ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்களை அழைத்தார்கள். 2013 கம்பெனிச் சட்டம் வந்தபிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார்கள். கூடவே டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில், ஒரு ஆம்புலன்ஸ். நிபந்தனை இரண்டுதான். டி-ஷர்ட்டில் அவர்கள் சின்னம் இருக்க வேண்டும். பேனரில் அம்பேத்கர், அயோத்திதாசர் படங்களும் நீலக்கொடியும் வேண்டாம். 'ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக' என்று பொதுவாகப் போட்டால் போதும். பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவு பதினொரு பேர் கமிட்டி விடியும்வரை சண்டை போட்டது. ஏழுக்கு நான்கு என்று மறுத்தோம். நானும் மறுத்தவள். தலித் பிள்ளையை 'ஏழைக் குழந்தை' ஆக்கிவிட்டால், அவள் ஏன் ஏழை என்ற கேள்வி போய்விடுகிறது என்று சமூகவியல் வகுப்பு மாதிரி பேசினேன். அப்போது கைதட்டினார்கள்.

ரசீது புத்தகத்தில் வசூலானது 1,12,470 ரூபாய். பெரும்பாலும் பத்து, இருபது, ஐம்பது. ஒப்பந்தத் தொழிலாளிகள், பூ பறிக்கும் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்து வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். மாரிகுப்பத்தில், 2001இல் சுரங்கம் மூடியபின்னும் அதே லைன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, சயனைடு மண்மேட்டைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பூர்ணிமை நிலவில் அங்கேயே வரவு செலவைச் சத்தமாக வாசித்தோம்.

ஆனால் அது ஆறு பேருக்குப் போதவில்லை. மூன்று பேருக்கு முழுதாகவும் அடுத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கடன் சேர்த்தும் கட்டினோம். ஆறாவது பிள்ளைக்குக் கட்டணத் தேதி போய்விட்டது. அவள் இப்போது ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, மூன்று ஷிஃப்ட். இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, சட்டைதானே? போட்டுக்கிட்டு நடந்திருக்கலாம் இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. கொள்கை தப்பென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஏழு பேரில் யாருடைய கல்லூரியும் அன்றைக்கு நின்றுபோகவில்லை. ஓட்டுப்போட்ட அறையில் அந்த ஆறு பிள்ளைகளில் ஒருவரும் இல்லை. இதுதான் எங்கள் தவறு என்று நினைக்கிறேன். பண்டிதர் காலத்துச் சங்கத்தில் காசு போட்டவரும் கல்வி பெற்றவரும் ஒரே லைன் வீட்டுக்காரர்கள். நாங்கள் கமிட்டி வேறு, பயனாளி வேறு என்று, அந்தக் கம்பெனி பிரித்த மாதிரியே பிரித்துவிட்டோம்.

இந்த ஆண்டுக் கமிட்டியில் மாணவர்கள் ஐந்து பேர். அந்தப் பிள்ளையும் உண்டு. இரவு ஷிஃப்ட் என்பதால் இன்று வரமுடியவில்லை. தொழிற்சாலைக் கடிதம் மறுபடியும் வந்திருக்கிறது, நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தி. ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம். அவள் வாங்கலாம் என்று வாதாடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் எதிர்த்துப் பேசுவேன், ஆனால் இம்முறை அவளுக்குப் பிறகுதான் பேசுவேன்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பத்து ரூபாயிலிருந்து எழுதலாம். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.